அனுப்பப்படும் வீடு: பிலிப்பைன்ஸ் புலம்பெயர்ந்தோரின் கலைக்கு ஓர் அறிமுகம்

புலம்பெயர்ந்தோரின் கலை என்றதும் விட்டுவந்த ஊரை எண்ணி ஏங்கும் ஓவியங்களே பலருடைய மனத்தில் தோன்றும். பிலிப்பைன்ஸை விட்டு வெளியேறியவர்களும் வெளிநாட்டில் பிறந்த அவர்களின் பிள்ளைகளும் கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் படைத்த கலையை அந்த எதிர்பார்ப்போடு அணுகுகிறவருக்கு முதலில் சிறிது குழப்பம் ஏற்படும். ஊர்க்காட்சிகள் அங்கே குறைவு. இறுக்கிக் கட்டிய பெட்டிகள், பஞ்சு வைத்துத் தைத்த துணிகள், இறகு வேய்ந்த அங்கிகள், விலைச்சீட்டு தொங்கும் உடைகள், காலனிய ஆவணக்காப்பகத்தின் புகைப்படங்கள் என வேறுவகைப் பொருள்களே கண்ணில் படும். வீடு என்பது நினைவில் அசையாமல் நிற்கும் இடமாக இக்கலையில் அதிகம் வருவதில்லை. ஒருவர் தம் கையால் மூட்டை கட்டி, சுமந்து, அனுப்பி, பிரித்து, மறுபடி அடுக்கும் ஒன்றாகவே அது பெரும்பாலும் வருகிறது. ஆகவே, இத்தகைய படைப்பு ஒன்றின் முன் நிற்கும் புதியவர், அது எதைக் காட்டுகிறது என்று கேட்பதற்கு முன்னால் அது எதனால் செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கமாக இருக்கும்.

இக்கலையின் பின்னணியில் உள்ள இடப்பெயர்வு மிகப் பெரியது. 11 கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட பிலிப்பைன்ஸிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் வெளிநாடுகளில் வாழ்கிறார்கள் அல்லது வேலை செய்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். மருத்துவமனைகளில் செவிலியராக, சரக்குக் கப்பல்களில் மாலுமிகளாக, ஹாங்காங், சிங்கப்பூர், வளைகுடா நாடுகளின் வீடுகளில் பணிப்பெண்களாக உழைப்பவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 முதல் 9 சதவீதம். 1974-இல் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸின் ஆட்சி கொண்டுவந்த தொழிலாளர் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசின் திட்டமிட்ட கொள்கையாகவே ஆக்கியது. தனிமனித முடிவு போலத் தோன்றும் ஒரு பிரிவுக்குப் பின்னால் அரசும் சந்தையும் சேர்ந்து அமைத்த ஏற்பாடு இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் படைப்புகள் பலவற்றின் கோபம் எளிதில் விளங்கும்.

அதற்கும் முந்தைய வரலாறு ஒன்று உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த தீவுகளை, 1898-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின்படி இரண்டு கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா பெற்றுக்கொண்டது. 1946 வரை அவை அமெரிக்காவின் பிடியில் இருந்தன. அக்காலத்துப் பிலிப்பினோக்கள் அமெரிக்காவுக்குள் தடையின்றிச் செல்லக்கூடிய ஆட்சிக்குடிகளாக இருந்தார்களே தவிர, குடியுரிமை பெற்றவர்களாக இல்லை. 1906 முதல் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கும், பிறகு கலிபோர்னியாவின் வயல்களுக்கும் அலாஸ்காவின் மீன் பதனிடும் ஆலைகளுக்கும் பெரும்பாலும் இளைஞர்களே சென்றார்கள். வெள்ளையினப் பெண்ணை மணக்க அவர்களுக்கு 1933-இல் கலிபோர்னியா தடை விதித்தது. அடுத்த ஆண்டே, பிலிப்பைன்ஸிலிருந்து வருவோரின் எண்ணிக்கை ஆண்டுக்கு 50 பேர் என்று சுருக்கப்பட்டது. ஆகவே அந்தத் தலைமுறையில் பலர் குடும்பம் இல்லாமலேயே முதுமை அடைந்தார்கள். அண்ணன் என்ற பொருளில் ‘மனோங்’ என்று மரியாதையோடு அழைக்கப்படும் அவர்கள், சான் பிரான்சிஸ்கோவின் கியர்னி தெருவிலிருந்த இன்டர்நேஷனல் ஹோட்டல் போன்ற விடுதிகளில், ஒற்றைக் கட்டில் போடும் அளவிலான அறைகளில் வாடகைக்கு வாழ்ந்தார்கள். 1977 ஆகஸ்ட் 4-ஆம் நாள் விடியுமுன், கைகோத்து அரண் அமைத்து நின்ற ஆயிரக்கணக்கான ஆதரவாளர்களைக் கடந்து காவல்துறையினர் உள்ளே புகுந்து அந்த முதியவர்களை வெளியேற்றினார்கள். கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் முதியோருக்கான புதிய குடியிருப்பு 2005-இல்தான் எழுந்தது. பிலிப்பினோ அமெரிக்கர்களின் கலையில் வெளியேற்றம், வாடகை அறை, தொப்பி அணிந்த முதியவர் ஆகியவை திரும்பத் திரும்ப வருவதற்கு இந்நிகழ்வே முக்கியக் காரணம்.

இந்த வரலாற்றிலிருந்து நேரடியாக முளைத்த கலைஞர் கார்லோஸ் வில்லா. 1936-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிலிப்பைன்ஸ் பெற்றோருக்குப் பிறந்த இவர், 1950களின் இறுதியில் கலைக்கல்லூரி மாணவராக இருந்தபோது பிலிப்பைன்ஸின் கலை வரலாற்றைப் பற்றித் தம் ஆசிரியரிடம் கேட்டார். அப்படி ஒரு வரலாறே இல்லை என்று பதில் வந்தது. அக்காலத்துக் கலிபோர்னியாவில் எட்டக்கூடிய நூல்களை வைத்துப் பார்த்தால் அந்த ஆசிரியருக்கு அதற்குமேல் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் ஓர் இளைஞனுக்கு அது தன் வீட்டுக்குச் சுவரே கிடையாது என்று சொல்வதற்கு ஒப்பானது. வில்லா நியூயார்க்குக்குச் சென்று அன்றைய போக்குப்படி எளிய வடிவச் சிற்பங்களைச் செய்து பார்த்துவிட்டு, 1969-இல் ஊர் திரும்பினார். அதன்பின் மரச்சட்டத்தில் பொருத்தாத கேன்வாஸ் துணியைப் பெரிய அங்கிகளாக்கி, அவற்றில் சுழல் கோலங்களை வண்ணத்தால் தெளித்து, இறகுகளைப் பதித்தார். எலும்பு, முடி ஆகியவற்றையும் பயன்படுத்தினார். பிலிப்பைன்ஸோடு மட்டும் நில்லாமல் பசிபிக் தீவுகள், ஆப்பிரிக்கா ஆகியவற்றின் சடங்குப் பொருள்களிலிருந்தும் அவர் எடுத்துக்கொண்டார். கண்டிப்பான மரபு ஆய்வாளருக்கு இது கலப்படமாகத் தோன்றலாம். எனக்கோ, மரபு கைக்கு வராத ஒருவர் அதைத் தாமே உண்டாக்கிக்கொள்ள முயன்ற நேர்மையான வழியாகவே இது படுகிறது. 1995-இல் அவர் செய்த ஒரு படைப்பின் தலைப்பு, ‘என் தந்தை முதன்முறையாகக் கியர்னி தெருவில் நடந்து ஏறுகிறார்’. பல்லாண்டு இறகுகளோடும் சடங்குகளோடும் உழைத்தவர், தம் தந்தை நடந்த தெருவை அந்தத் தலைப்பில் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்.

பெட்டிக்கு வருவோம். வெளிநாட்டில் வாழும் பிலிப்பினோக்களின் வாழ்க்கையில் ‘பாலிக்பாயன் பெட்டி’ என்ற ஒரு பொருள் உண்டு. ஊர் திரும்புகிறவரைக் குறிக்கும் அந்தச் சொல், வெளிநாடுகளில் வாழும் பிலிப்பினோக்களைத் தாய்நாட்டுக்கு அழைக்க 1973-இல் மார்கோஸ் அரசு தொடங்கிய திட்டத்தோடு பரவலானது. நாளடைவில், ஆள் வர முடியாத ஆண்டுகளில் ஆளுக்குப் பதிலாக அட்டைப் பெட்டி ஊருக்குப் போகத் தொடங்கியது. வீட்டின் ஒரு மூலையில் திறந்து வைக்கப்பட்ட பெட்டியில் டின்னில் அடைத்த இறைச்சி, சாக்லேட், சோப்பு, பற்பசை, துண்டு, பிள்ளைகளுக்கான காலணி எனத் தள்ளுபடி விலையில் கிடைப்பதெல்லாம் வாரக்கணக்கில் சேரும். இடைவெளிகளில் துணியைச் சுருட்டித் திணித்து, நாடாவால் பலமுறை சுற்றி ஒட்டி, பெயரையும் முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புவார்கள். கப்பலில் போய்ச் சேரப் பல வாரங்கள் ஆகும். அனுப்பியவரின் அன்பு அதில் இருக்கிறது; அவரால் அங்கே இருக்க முடியவில்லை என்ற குற்ற உணர்வும், அனுப்பியே ஆக வேண்டும் என்ற கடமையும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

இப்பெட்டியைக் கலையாக்கியவர்களில் முதன்மையானவர்கள் ஆல்ஃபிரடோ, இசபெல் அக்விலிசான் தம்பதியினர். தம் ஐந்து பிள்ளைகளோடு 2006-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குக் குடிபெயர்ந்த இவர்கள், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்ற குடும்பச் சிக்கலையே படைப்பின் மூலப்பொருளாக்கினார்கள். ‘முகவரி’ என்ற பொருள்படும் தலைப்பில் 2008-ஐ ஒட்டி அவர்கள் அமைத்த நிறுவல் படைப்பில் (பொருள்களை ஓர் இடத்தில் அடுக்கி அமைக்கும் கலைவகை), வீட்டுச் சாமான்களையும் துணிமணிகளையும் பெட்டிக்குள் அடைக்கும் அளவுக்கு இறுக்கிச் சேர்த்துக் கட்டிய 140 கனசதுரங்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருந்தன. தள்ளி நின்று பார்த்தால் சிறு கட்டடம். அருகே போனால், மடித்த சட்டையின் ஓரம், பொம்மையின் கை, புத்தக முதுகு, செருப்பு, சமையல் பாத்திரம் என ஒவ்வொன்றும் மற்றதற்கு இடம்விட்டு நெருக்குண்டு கிடப்பது தெரியும். அட்டை உறை நீக்கப்பட்டு, அதற்குள் இருந்தவையே சுவராகிவிட்டன. ஒரு குடும்பத்தின் வாழ்க்கை எத்தனை கன அளவுக்குள் அடங்கும் என்ற சரக்குக் கணக்கைக் கண்ணெதிரே வைக்கும் இப்படைப்பில் அழுகை எங்கும் இல்லை. அளவும் எடையும் மட்டும் இருக்கின்றன. அதுவே இதன் வலிமை என்று கருதுகிறேன்.

இதே தம்பதியினர் 2012-இல் சிட்னியில் செய்த இன்னொரு படைப்பு, தென்பிலிப்பைன்ஸின் கடலோடிகளான பஜாவோ மக்களைப் பற்றியது. சாரம் கட்டுவது போன்ற இரும்புத் தண்டுகளின்மேல் சிறு அட்டை வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொற்றிக்கொண்டிருந்தன. பார்வையாளர்களும் அட்டையை வெட்டி வீடு செய்து அதில் சேர்க்கலாம். கண்காட்சி நாள்கள் செல்லச் செல்ல அந்தக் குடியிருப்பு வளர்ந்தது. வீட்டை ஒரு கலைஞர் மட்டும் கட்டித் தர முடியாது என்ற எண்ணம், செய்முறையிலேயே வெளிப்பட்டது.

துணிக்குத் திரும்பினால் பசீட்டா அபாட். 1946-இல் நாட்டின் வடகோடித் தீவுக்கூட்டமான பட்டானெஸில் அரசியல் குடும்பத்தில் பிறந்தவர். மார்கோஸுக்கு எதிரான மாணவர் போராட்டத்தில் ஈடுபட்டதால் வீட்டின்மீது துப்பாக்கிச் சூடு நடக்க, 1970-இல் சட்டம் படிக்க ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். வழியில் உறவினரைப் பார்க்கச் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார்; தையல் வேலையும் தட்டச்சு வேலையும் செய்து படித்தார். பிறகு வளர்ச்சிப் பொருளியல் துறையில் பணிபுரிந்த கணவரோடு வங்கதேசம், சூடான், இந்தோனேசியா எனப் பல நாடுகளில் வாழ்ந்து, அந்தந்த ஊர்ப் பெண்களின் துணிவேலைகளைக் கற்றுக்கொண்டார். அவருடைய முறைக்கு ட்ராபுண்டோ என்று பெயர்: கேன்வாஸில் வண்ணம் தீட்டி, அதன் பின்பக்கம் வேறொரு துணியைச் சேர்த்து, இடையே பஞ்சைத் திணித்து, கையால் தைத்து, படம் மேடுபள்ளமாக உப்பி எழும்படி செய்வது. அதன்மேல் பொத்தான், சிப்பி, கண்ணாடிச் சில்லு, சரிகை நூல் ஆகியவற்றை வைத்துத் தைப்பார். மரச்சட்டம் இல்லாததால் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடலாம். நிலையான வீடு இல்லாத ஒருவர் இந்த முறையில் நிலைத்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

1990களின் தொடக்கத்தில் அவர் குடியேறிகளின் அனுபவத்தையே பொருளாகக் கொண்டு ஒரு வரிசையைச் செய்தார். அதில் 1992-ஆம் ஆண்டின் ‘எல்.ஏ. லிபர்ட்டி’ மிகவும் அறியப்பட்டது. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் அமைந்த குடியேற்ற அருங்காட்சியகத்தைப் பார்த்த அபாட், ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் கதையே அங்கு நிறைந்திருப்பதையும், ஆசியர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் இடம்பெறாததையும் கண்டார். பசிபிக் கடல் வழியே, பின்னாளில் விமானத்தில் லாஸ் ஏஞ்சலஸில் வந்து இறங்கியவர்களுக்கு அந்தத் தீவு நுழைவாயிலாக இருந்ததே இல்லை. ஆகவே சுதந்திரதேவி சிலையை அவர் தம் முறையில் மறுபடி செய்தார். படத்தில் நிற்பவர் மாநிறப் பெண். பச்சை படிந்த செம்பு அங்கிக்குப் பதில், பல நிறத் துண்டுகள் ஒட்டுப்போட்ட உடை. பின்னால் கதிர்கள் பல வண்ணங்களில் விரிகின்றன. பொத்தான்களும் கண்ணாடிகளும் பரப்பெங்கும் மின்னுகின்றன. கேலிச்சித்திரமாக ஆகியிருக்கக்கூடிய ஒரு கருத்தைத் தையலின் பொறுமை காப்பாற்றியிருக்கிறது. அந்தச் சிலையை வெறுமனே மறுப்பதை அபாட் விரும்பவில்லை, அதில் தமக்கும் தம் மக்களுக்கும் உள்ள பங்கைக் கேட்டார் என்பது, ஒவ்வொரு தையலுக்கும் அவர் செலவிட்ட உழைப்பிலிருந்து தெரிகிறது.

அதே வரிசையில், தெருக்கள் பொன்னால் வேயப்பட்டவை என்று நம்பி வந்ததாகச் சொல்லும் தலைப்புள்ள 1991-ஆம் ஆண்டுப் படைப்பு, பணிப்பெண், செவிலியர் முதலிய வேலைகளில் குடியேறிகளை நெருக்கமாக நிறுத்திக் காட்டுகிறது. அபாட் தம் இறுதி ஆண்டுகளைச் சிங்கப்பூரில் கழித்தார். சிங்கப்பூர் ஆற்றைக் கடக்கும் அல்காஃப் பாலத்தை 2004-இல் 55 வண்ணங்களில் தீட்டுவித்ததும் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த இவரே. அவ்வாண்டின் இறுதியில் அவர் காலமானார். அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரும்பிப் பார்க்கும் முதல் முழுமையான கண்காட்சி 2023-இல்தான் மினியாபொலிஸ் நகரின் வாக்கர் கலை மையத்தில் தொடங்கியது.

இன்னொருவருடைய வீட்டைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு வீடு என்னவாக இருக்கும்? இக்கலையில் எனக்கு மிகவும் கூர்மையாகப் படும் கேள்வி இது. ஃப்ளோர் கொன்டெம்பிளாசியோன் என்ற பிலிப்பைன்ஸ் பணிப்பெண் 1995 மார்ச்சில் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது பிலிப்பைன்ஸ் முழுவதும் கொந்தளித்தது. அதே ஆண்டில் இமெல்டா கஹிபே எண்டாயா என்ற கலைஞர், பணிப்பெண்களைப் பற்றி ஒரு நிறுவல் படைப்பைச் செய்தார். பெட்டிகளும் வீட்டைத் துப்புரவு செய்யும் கருவிகளுமே அங்கு ஆள்களுக்குப் பதிலாக நின்றன. எண்டாயா பணிப்பெண் வேலையைச் செய்தவரல்லர். ஸைஸா குரூஸ் பகானியோ அவ்வேலையைத் தாமே செய்தவர். ஹாங்காங்கில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வீட்டு வேலை பார்த்துக்கொண்டே தெருப் புகைப்படக் கலையைக் கற்ற அவர், 2015-இல் மேக்னம் அறக்கட்டளையின் மனித உரிமைப் புகைப்படக் கலைஞருக்கான நல்கையைப் பெற்றார். வேலை தருபவரின் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது ஹாங்காங்கின் விதி. எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் நகரின் வணிக மையத்தில், வங்கிக் கட்டடங்களின் அடியிலும் நடைபாலங்களிலும் அட்டை விரித்து அமர்ந்து, ஒன்றாக உண்டு, முடி திருத்திக்கொண்டு, பெட்டி கட்டுவதை அந்நகருக்குச் சென்ற யாரும் பார்த்திருக்கலாம். பகானியின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இத்தகைய பெண்களை இரக்கத்துக்குரியவர்களாகக் காட்டாமல், அவரவர் முகத்தோடும் சுபாவத்தோடும் காட்டுகின்றன. தாமே அவர்களில் ஒருவராக இருந்ததால் அவர் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வெளிநாட்டில் வளர்ந்த தலைமுறைக்கு வந்தால் சிக்கல் மாறுகிறது. அவர்களுக்கு நினைவுகூர ஊர் இல்லை. பெற்றோரின் கதைகளும், பிறர் எடுத்த படங்களும்தான் உள்ளன. அந்தப் படங்களில் பல, காலனிய ஆட்சியாளர்கள் எடுத்தவை. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 47 ஏக்கரில் பிலிப்பைன்ஸ் கிராமம் ஒன்றை அமைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை அமெரிக்கர்கள் வேடிக்கை பார்க்க வைத்திருந்தார்கள். மணிலாவில் 1974-இல் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்த ஸ்டெஃபனி சியூகோ, 2019-இல் அக்கண்காட்சியின் ஆவணப் புகைப்படங்களை மேசைமேல் வைத்து, அதிலிருந்தவர்களின் முகங்களைத் தம் கைகளால் மூடி மறுபடி படமெடுத்தார். நூறாண்டுக்கும் மேலாக உற்றுப் பார்க்கப்பட்டவர்களுக்கு அந்தக் கை சற்று நேரம் நிழல் தருகிறது. பார்க்க வந்த நமக்கோ, நாம் எதைப் பார்க்க விரும்பினோம் என்ற சங்கடத்தை உண்டாக்குகிறது. அவருடைய இன்னொரு வரிசையில், அமெரிக்கக் கடைகளில் விற்கும் ‘பழங்குடி’ பாணித் துணிகளை வாங்கிப் போர்த்திக்கொண்டு, பழைய இனவியல் படங்களைப் போலத் தம்மையே படமெடுத்தார். விலைச்சீட்டுகள் தொங்குவது படத்திலேயே தெரியும். படமெடுத்த பின் துணிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். மாயா குரூஸ் பலீலியோவோ மென்மையான வழியை எடுக்கிறார்: சிகாகோவின் நியூபெரி நூலகத்திலுள்ள, காலனிய அதிகாரி டீன் வூஸ்டரின் தொகுப்புப் படங்களிலிருந்து உருவங்களை வரைந்து வெட்டியெடுத்து, அவற்றைக் குடும்பக் கதைகளோடு சேர்த்து, அடர்ந்த பசுமைக்குள் ஓவியமாகக் குடியமர்த்துகிறார்.

அருங்காட்சியகத்துக்கு வெளியே சுவரோவியங்களும் உண்டு. 1984-இல் சான் பிரான்சிஸ்கோவின் தென்சந்தைப் பகுதியில் முதியோர் குடியிருப்பின் சுவரில் தீட்டப்பட்ட, ஸ்பானியப் படையை எதிர்த்த பழங்காலத் தலைவர் லாப்பு-லாப்புவின் வழித்தோன்றல்களைக் காட்டும் ஓவியமும், 1995-இல் லாஸ் ஏஞ்சலஸின் பிலிப்பினோ நகர்ப்பகுதியில் எலிசியோ சில்வா வரைந்த நீண்ட சுவரோவியமும் வரலாற்றை வெளிப்படையாகச் சொல்பவை. தெருவில் போகிறவருக்கு விளக்கவுரை தேவைப்படாதவை.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பிலிப்பைன்ஸ் பெயர் கொண்ட ஒருவர் வெளிநாட்டில் செய்வதெல்லாம் வீட்டைப் பற்றியது என்று முடிவு கட்டுவது அக்கலைஞர்களுக்குச் செய்யும் அநீதி. 1960 முதல் பெரும்பாலும் ஐரோப்பாவில் வாழ்ந்து 2020-இல் மணிலாவில் மறைந்த டேவிட் மெடாலா, சோப்பு நுரை ஓயாது பொங்கி வழியும் சிற்பங்களுக்காகப் புகழ்பெற்றவர். அந்த நுரையில் தாயக ஏக்கத்தைத் தேடுவது வீண். ஆனால் 1960களின் இறுதியில் அவர் தொடங்கிய இன்னொரு படைப்பில், நீண்ட துணி ஒன்று தொங்கும். நூற்கண்டுகளும் ஊசிகளும் அருகில் இருக்கும். வருகிறவர் எவரும் அமர்ந்து தம் விருப்பப்படி எதையாவது அதில் தைத்துவிட்டுப் போகலாம். பயணச்சீட்டு, பெயர், பணத்தாள், இலை என மக்கள் தைத்துச் சேர்த்தவற்றோடு அது நாடு நாடாகச் சென்றது. 2017-இல் வெனிஸ் கலைவிழாவிலும் இடம்பெற்றது. இதைப் பிலிப்பைன்ஸ் புலம்பெயர் கலையில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் அறிஞர்களிடையே வேறுபட்ட நிலைகளுக்கு இடமுண்டு. கலைஞரின் பிறப்பை மட்டும் காரணமாக வைத்துச் சேர்க்க எனக்குத் தயக்கம் உண்டு. அக்விலிசான் தம்பதியினரின் அட்டை வீடுகளை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வருகிறவருக்கு, இரண்டுக்கும் உள்ள உறவு தானாகவே புலப்படும் என்பதால், அந்த வரிசையில் பார்க்குமாறு மட்டும் பரிந்துரைப்பேன்.